வயது ஏற ஏற மதிப்பு ஏறும் ஒயின்!

பாலாற்று முகத்துவாரத்தில் கிடைத்த யவனர் சாடிகளும், போர்டோ நகரத்துப் பழைய சிவப்பு ஒயினும்

செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தில் இருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய ஊர்கள் வரும். அவற்றைத் தாண்டினால் வாயலூர். அங்கேதான் பாலாறு கடலில் கலக்கிறது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் உண்டு. அதன் பெயர் வசவசமுத்திரம்.

1969-70-ஆம் ஆண்டில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் இந்த ஊரில் நிலத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். மண்ணுக்குள் உறைகிணறுகள் இருந்தன. உடைந்த பானை ஓடுகளும் கிடைத்தன. அந்த ஓடுகளில் சில, கடல் கடந்து வந்த சாடிகளின் துண்டுகள்!

அந்தச் சாடிக்கு "ஆம்போரா" என்று பெயர். யவனர்கள், அதாவது கிரேக்கர்களும் ரோமானியர்களும், பயன்படுத்திய சாடி அது. குறுகிய கழுத்து. இரண்டு பக்கமும் இரண்டு காதுகள். அடிப்பாகம் கூம்பு போல இருக்கும். அப்படி இருந்தால்தான் கப்பலின் அடித்தட்டில் ஒன்றோடு ஒன்று நெருக்கி அடுக்க முடியும். மணலில் குத்தி நிறுத்தவும் முடியும்.

ஒரு பெரிய சாடி சுமார் 26 லிட்டர் கொள்ளும். உள்ளே இருப்பது கசியாமல் இருக்க, உட்புறம் பிசின் பூசுவார்கள்.

சாடிக்குள் என்ன இருந்தது? பெரும்பாலும் திராட்சை மது. அதாவது ஒயின்!

மணத்தைப் புகழ்ந்த புலவர்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டிலும் இந்தச் சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கே 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய அறிஞர் அகழாய்வு செய்தார். பிற்காலத்தில் அந்தத் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், எந்தச் சாடி எந்த நாட்டில் இருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். சில சாடிகளில் ஆலிவ் எண்ணெய் வந்திருந்தது. சிலவற்றில் மீன் சாறு வந்திருந்தது. மற்றவை ஒயின் சாடிகள். அவற்றில் பல, கிரேக்க நாட்டைச் சேர்ந்த கோஸ் என்ற தீவின் பாணியில் செய்யப்பட்டவை.

கோஸ் தீவு ஒயினில் ஒரு விசேஷம் உண்டு. அதில் கடல் நீரைக் கலப்பார்கள்! கெடாமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். ஊறுகாய்க்கு உப்புப் போடுகிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

புறநானூற்றில் நக்கீரர் பாடிய பாட்டு ஒன்றில் இந்த மது வருகிறது. பாண்டியன் நன்மாறனை அவர் வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் தர, நீ இனிது வாழ்வாயாக என்கிறார். அந்த மதுவுக்கு அவர் சொல்லும் சிறப்பு என்ன தெரியுமா? போதை அல்ல. குளிர்ச்சியும் மணமும்தான்!

இன்றும் ஒயினை மதிப்பிடுகிறவர்கள் முதலில் நம்புவது நாக்கை அல்ல, மூக்கைத்தான்.

ரோமாபுரியில் பழைய ஒயினுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. கி.மு. 121-ஆம் ஆண்டில் விளைந்த திராட்சையில் செய்த ஒயின் ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும் இருந்தது என்றும், அது தேன் போல இறுகிவிட்டது என்றும் பிளினி என்ற அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்.

நம் விவசாயிகளுக்குத் தெரிந்த பெயர்

யவனர் சாடிகள் நம் கரைக்கு வந்த அந்தக் காலத்திலேயே, பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில் ஓர் ஆற்றுத் துறைமுகத்தைச் சுற்றித் திராட்சைக் கொடிகள் வேரூன்றத் தொடங்கின. அந்த ஊர்தான் போர்டோ. பழைய சிவப்பு ஒயின் என்றால் உலகம் முழுவதும் முதலில் நினைப்பது இந்த ஊரைத்தான்.

போர்டோ என்ற பெயர் நம் விவசாயிகளுக்குப் புதியது அல்ல. பயிரில் பூசண நோய் கண்டால் "போர்டோ கலவை" தெளிக்கிறார்களே, அந்தப் பெயர் இந்த ஊரில் இருந்து வந்ததுதான்!

அந்தக் கதை வேடிக்கையானது. போர்டோ பக்கத்தில் சாலையோரத் தோட்டங்களில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்றார்கள். அதைத் தடுக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரத்துக் கொடிகளில் தெளித்தார்கள். நீல நிறத்தைப் பார்த்துப் பயந்து யாரும் தொடவில்லை. 1882-ஆம் ஆண்டில் மில்லார்டே என்ற பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். மற்ற கொடிகளை நோய் தாக்கியிருந்தது. மருந்து பட்ட கொடிகள் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றன! அவர் ஆராய்ந்து 1885-ல் வெளியிட்ட முறைதான் போர்டோ கலவை. இன்றும் 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கமான அளவு.

இந்தியாவுக்கு வந்து திரும்பிய பீப்பாய்கள்

பிரெஞ்சுக்காரர்கள் நம் கரைக்கு வந்தது 17-ஆம் நூற்றாண்டில். செங்கற்பட்டு மாவட்டத்துக் கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களை இன்றும் பார்க்கலாம். 1750-ஆம் ஆண்டில் அந்தக் கோட்டை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவின் கைக்கு வந்தது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐரோப்பாவில் இருந்து வந்த கப்பல்களில் ஒயினும் வந்தது. அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கடலில் வரவேண்டும்.

போர்டோ பகுதியில் தெஸ்தூர்னெல் என்று ஒரு தோட்டக்காரர் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தம் ஒயினைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். ஒரு தடவை, விற்காத பீப்பாய்கள் ஊருக்கே திரும்பி வந்தன. நஷ்டம் என்று நினைத்துத் திறந்து ருசி பார்த்தார். போனபோது இருந்ததைவிட மேலாக இருந்தது! அவருடைய தோட்டத்தில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

"இந்தியாவுக்குப் போய் வந்தது" என்பதையே அவர் தம் ஒயினுக்குப் பெருமையாக்கிக்கொண்டார். ஒயின் கிடங்கின் மேல் கீழைநாட்டுக் கோவில்களைப் போலக் கோபுரங்கள் கட்டினார். அந்தக் கோபுரங்கள் இன்றும் இருக்கின்றன. ஊரார் அவரை "மகாராஜா" என்று அழைத்தார்கள்.

பாவம், கடன் முற்றியது. 1852-ல் தோட்டத்தை விற்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1855-ல் பாரிஸ் பொருட்காட்சிக்காகப் போர்டோ ஒயின்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அவருடைய தோட்டத்துக்கு இரண்டாம் தரம் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அந்தப் பீப்பாய்களுக்குள் என்ன நடந்தது? பூமத்திய ரேகையின் வெப்பமும் கப்பலின் ஆட்டமும் சேர்ந்து, பல ஆண்டுகளில் வரவேண்டிய முதுமையைச் சில மாதங்களில் கொண்டுவந்துவிட்டன.

துவர்ப்புதான் ரகசியம்

ஒயினுக்கு முதுமை என்றால் என்ன?

நாவற்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது. கொட்டைப்பாக்கு, கடுக்காய், வாழைக்காய் ஆகியவையும் அப்படித்தான். இதைத்தான் துவர்ப்பு என்கிறோம். அறுசுவையில் அதற்கு ஓர் இடம் கொடுத்தவர்கள் நாம். போர்டோ ஒயினுக்கு உயிர்நாடி இந்தத் துவர்ப்புதான்.

துவர்ப்பைத் தருவது டானின் என்ற பொருள். திராட்சையின் தோலிலும் விதையிலும் அது இருக்கிறது. ஓக் மரப் பீப்பாயில் இருந்தும் கொஞ்சம் இறங்குகிறது. டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வாய் வறண்டது போலத் தோன்றுகிறது.

போர்டோவில் பெரும்பாலும் காபர்நே சாவினோன், மெர்லோ என்ற இரண்டு வகைத் திராட்சையைக் கலந்து சிவப்பு ஒயின் செய்கிறார்கள். காபர்நேயின் தோல் தடிப்பு. துவர்ப்பு அதிகம். 225 லிட்டர் பீப்பாயில் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு வைத்திருந்து, பிறகு புட்டியில் அடைக்கிறார்கள்.

புதிய ஒயின் முரட்டுத்தனமாக இருக்கும். வாயைச் சுருக்கும். ஆண்டுகள் போகப் போக, டானின் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பெரிதாகின்றன. நிறப்பொருளையும் சேர்த்துக்கொண்டு அடியில் மண்டியாகப் படிகின்றன. துவர்ப்பு தணிகிறது. பழ வாசனை மறைந்து வேறு மணங்கள் பிறக்கின்றன.

நம் வீட்டிலும் இப்படிச் சில பொருள்கள் உண்டு. புதுப் புளியைவிடப் பழம்புளிக்குத் தனிச் சுவை. புது அரிசி குழையும். பழைய அரிசியில் சோறு உதிரியாக வரும். மருந்துக் கடையில் விற்கும் திராட்சாரிஷ்டமும் திராட்சையைப் புளிக்க வைத்துச் செய்வதே.

ஆனால் ஒன்று. பழசானால் எல்லாம் நல்லதாகிவிடாது. உலகத்தில் செய்யப்படும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகச் செய்யப்படுவது. அதை வைத்திருந்தால் கெட்டுப்போகும். 20, 30 ஆண்டு தாங்குவது மிகச் சிலவே. அவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு.

ருசி பார்ப்பது எப்படி?

பழைய ஒயினை ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அவசரப்பட்டால் ஒன்றும் தெரியாது.

முதலில் புட்டியை ஒரு நாள் நிமிர்த்தி வைப்பார்கள். மண்டி அடியில் இறங்கும். பிறகு தக்கையை மெதுவாக எடுப்பார்கள். பழைய தக்கை உதிர்ந்துவிடும். அதனால் கவனம் வேண்டும். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, ஒயினை வேறு பாத்திரத்தில் மெல்ல இறுப்பார்கள். கழுத்தில் மண்டி வருவது வெளிச்சத்தில் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ரசத்தைத் தெளிவாக இறுக்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்வதும் இதுதானே!

அடுத்தது கண். கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்துப் பார்ப்பார்கள். இளம் ஒயின் கத்தரிப்பூ கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். முதிர்ந்த ஒயினின் ஓரம் செங்கல் நிறமாக மாறியிருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தே ஏறக்குறைய வயதைச் சொல்கிறவர்கள் உண்டு.

பிறகு மூக்கு. கிண்ணத்தைச் சுழற்றி முகர்வார்கள். நல்ல பழைய போர்டோவில் புகையிலை, தேவதாரு மரம், தோல், காய்ந்த சருகு, மழை நனைத்த மண் ஆகிய மணங்கள் வரும். ஈரத்தில் ஊறிய அட்டையின் நாற்றம் வந்தால், தக்கை அதைக் கெடுத்துவிட்டது என்று பொருள். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கீழே கொட்ட வேண்டியதுதான்.

கடைசியில்தான் நாக்கு. ஒரு மிடறு வாயில் வைத்து, கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, வாய் முழுவதும் பரப்புவார்கள். புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, துவர்ப்பு பட்டுப்போல் இருக்கிறதா, சாக்குப்போல் சொரசொரக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சுவை எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுவார்கள். சாதாரண ஒயினின் சுவை உடனே மறையும். நல்ல ஒயினின் சுவை அரை நிமிடமும் நிற்கும்.

மிகப் பழைய ஒயின் என்றால் இதையெல்லாம் சீக்கிரம் முடிக்கவேண்டும். பல்லாண்டு மூடிக் கிடந்தது காற்றுப் பட்டதும் மணம் விரிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் வாடியும் போகலாம்!

கண் செய்த மோசம்

இவ்வளவு பயிற்சி பெற்றவர்களும் ஏமாறுவது உண்டா? உண்டு.

போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் பற்றிப் படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2001-ல் வெளிவந்தது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் முகர்ந்து பார்த்து, சிவப்பு ஒயினுக்கு உரிய மணங்களையே அதற்கும் எழுதினார்கள்! மூக்கு சொல்ல வேண்டியதைக் கண் சொல்லிவிட்டது.

பணம் புகுந்தால் மோசடியும் புகும். 1985-ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஒரு புட்டி போர்டோ 1,05,000 பவுனுக்குப் போனது. 1787-ஆம் ஆண்டு ஒயின், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சனுக்கு உரியது என்று சொல்லி விற்றார்கள். அதே வகைப் புட்டிகளை வாங்கிய ஒரு செல்வர் பிற்காலத்தில் நிபுணர்களை வைத்துச் சோதித்தார். புட்டியில் பொறித்திருந்த எழுத்துகள் மின்சாரக் கருவியால் பொறித்தவை என்று அவர்கள் சொன்னார்கள். ஜெபர்சன் காலத்தில் மின்சாரக் கருவி ஏது?

ரூடி குர்னியவான் என்பவர் தம் வீட்டிலேயே ஒயின்களைக் கலந்து, பழைய லேபிள் ஒட்டிக் கோடீசுவரர்களுக்கு விற்றார். 2013-ல் நியூயார்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

ஏமாந்தவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை? பலர் புட்டியைத் திறக்கவே இல்லை. திறந்தவர்களும் சுவைத்தது ஒயினை அல்ல, லேபிளை!

இதனால்தான், ஒயினைச் சரியாக எடைபோட வேண்டும் என்றால் புட்டியைத் துணியால் மூடி வைத்துவிடுகிறார்கள். 1976-ஆம் ஆண்டு மே மாதம் பாரிசில் அப்படி ஒரு போட்டி நடந்தது. நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பெயர் தெரியாமல் ருசி பார்த்து, சிவப்பு ஒயினில் முதல் இடத்தைக் கொடுத்தது போர்டோவுக்கு அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயினுக்கு!

கத்திரி வெயிலில் என்ன ஆகும்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ மருமகனோ ஊருக்கு வரும்போது ஒரு புட்டி ஒயின் கொண்டுவருவது இன்று சாதாரணமாகிவிட்டது. "பழசாகட்டும், விலை ஏறும்" என்று அதை அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

அது வீண். ஒயின் மெதுவாக முதிர வேண்டும் என்றால் 12, 13 டிகிரி குளிர்ச்சியில், இருட்டில், அசையாமல் இருக்க வேண்டும். தக்கை காயாமல் இருக்கப் புட்டியைப் படுக்க வைக்க வேண்டும். செங்கற்பட்டில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். காற்று உள்ளே போகும். வேகவைத்த பழம் போல ஆகி, கடைசியில் காடியாகிவிடும்.

தெஸ்தூர்னெல்லின் பீப்பாய்கள் சில மாத வெயிலில் தப்பிப் பிழைத்தன. பல கோடை தாங்க எந்தப் புட்டியாலும் முடியாது. யவனர்கள் கடல் நீரைக் கலந்து அனுப்பியதன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா?

துப்புகிறவர்களே நிபுணர்கள்

கடைசியாக ஒரு செய்தி. குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

போர்டோவில் ருசி பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு நாளில் பல பத்து ஒயின்களைச் சோதிக்கிறார்கள். மாலையில் தள்ளாடாமல் வீட்டுக்குப் போகிறார்கள். எப்படி?

அவர்கள் விழுங்குவதில்லை! பக்கத்தில் ஒரு தொட்டி இருக்கும். வாயில் வைத்துப் பார்த்ததும் அதில் துப்பிவிடுவார்கள். விழுங்கினால் மூளை மந்தமாகும். மூளை மந்தமானால் மூக்கும் நாக்கும் வேலை செய்யாது. போதை ஏறிய இடத்தில் ருசி இருக்காது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

மதுவில் உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கூறியது. ஒயினிலும் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு சாராயச் சத்து இருக்கிறது. எத்தனை வயது ஆனாலும் அது குறைவது இல்லை.

ஒரு பொருளின் நிறத்தைப் பார்த்து, மணத்தை அறிந்து, சுவை நிற்கும் நேரத்தை எண்ணும் திறமைக்கு மது வேண்டியதில்லை. நாவற்பழக் காலத்தில், ஒரே கூடையில் இருந்து ஒரு செங்காயும், நன்றாகக் கனிந்த ஒரு பழமும் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மென்று பாருங்கள். துவர்ப்பு எங்கே தொடங்குகிறது, எப்படித் தணிகிறது என்று கவனியுங்கள். குழந்தைகளையும் சொல்லச் சொல்லுங்கள்.

போர்டோ நிபுணர் 30 ஆண்டு காத்திருந்து தேடுவது அந்த வித்தியாசத்தைத்தான்!